இரண்டு எச்சங்கள்

நடுவர் அவர்களே, கும்பகோணத்துப் பெருமக்களே, வணக்கம். ஆய்வகத்தில் நடக்கும் நகைச்சுவை நாவலுக்கு உயிர் தருவது ஆராய்ச்சியா, அலுவலகக் குழப்பமா என்பது இன்றைய தலைப்பு. ஆராய்ச்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தாலுகா ஆபீஸ் கதைதான் என்று எதிரணித் தலைவர் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். குழப்பமே என்று வாதாட வந்த நான், அவருக்கு ஒரு புறாக் கதை சொல்கிறேன்.

1964இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் ஓயாத இரைச்சல் ஒன்று பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகளை வாட்டியது. உள்ளே புறாக்கள் குடியிருந்தன. பிடித்து அடைத்துக் கம்பெனித் தபாலிலேயே வெளியூருக்கு அனுப்பினார்கள். நம் கோபுரத்துப் புறாக்களைப் போல அவையும் வீடு திரும்பிவிட்டன. எச்சத்தைக் கழுவித் துடைத்தும் இரைச்சல் அடங்கவில்லை. அது பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்து வெப்பத்தின் எச்சம் என்பது பிறகு விளங்கி, 1978இல் நோபல் பரிசும் வந்தது. கண்டுபிடித்தது புறா அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த எச்சம் எது என்று தெரியாமல் இருவர் துடைப்பத்தோடு நின்ற அந்த நாட்களில்தானே நாவல் இருக்கிறது?

குழப்பமே ஆராய்ச்சியானதும் உண்டு. 1961இல் வானிலைக் கணக்கைக் கணினியில் மறுபடி ஓட்டிய எட்வர்டு லோரன்ஸ், 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கித் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். (டிகிரி காபி ஊரில் இதைக் குற்றமென்று யார் சொல்வார்?) திரும்பி வந்தபோது கணினி காட்டிய வானிலை அடியோடு மாறியிருந்தது. எந்த அலுவலகத்தாரையும் போல அவரும் முதலில் இயந்திரத்தின் மீதுதான் பழி போட்டார். தொடக்கத்தில் நேரும் துளி மாற்றமும் முடிவைத் தலைகீழாக்கிவிடலாம் என்னும் கேயாஸ் தியரிக்கு வழிவிட்டது, அவர் தட்டாமல் விட்ட அந்த மூன்று இலக்கங்கள்தான்.

நான் எழுத்தராக இருந்த நெல் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில், மேட்டூர் திறந்து குறுவைக்கு விதைவிட வேண்டிய வாரத்தில், மாலைச் சாரல் அடித்து விதைப் பொட்டலங்களின் சீட்டெல்லாம் மை கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. எந்த விதை எது என்று எவரும் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்தாதவர் யார் என்று பன்னிரண்டு பேருக்கு மெமோ வந்தது. அவர்களில் இருவர் அன்றைக்கு விடுப்பு.