எழுத்துக்கு ஒரே வாசல்தான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிகளிலும் இருக்கும் நண்பர்களுக்கும், வேலை முடிந்து நேராக இந்த அரங்குக்கு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

‘சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்களிடம் நாம் இன்று பெரிதும் வளர்க்க வேண்டியது வாசிப்புத் திறனா, எழுத்துத் திறனா?’ இதுதான் தலைப்பு. எழுத்துத் திறனே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், “சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? படிக்காத பிள்ளை எதை எழுதும்?” என்று கேட்டார். கைதட்டல் நிறைய வந்தது. நானும் தட்டினேன், கேள்வி நியாயமானது என்பதால். என் பதிலை வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகளுக்கு 13 வயது. உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். தமிழில் ஒரு பகுதியைக் கொடுத்தால் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பாள். கருத்தறிதலில் நல்ல மதிப்பெண் வாங்குவாள். எதிரணித் தலைவர் சொன்ன சட்டி அவளிடம் நிறைந்துதான் இருக்கிறது. மார்ச் விடுமுறையில் ஒரு நாள் தோழியோடு வெளியே போனவள், பீஷான் நிலையத்தில் ரயில் ஏறிவிட்டாள். தோழி ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. வீட்டுக்கு வந்து கையை ஆட்டி ஆட்டி இரண்டே நிமிடத்தில் கதையைச் சொல்லி முடித்தாள். அருமையாகச் சொன்னாள். “இதை ஈப்போவில் இருக்கிற பாட்டிக்கு எழுதேன்” என்றேன்.

உட்கார்ந்தாள். ‘அன்புள்ள பாட்டிக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்பது மளமளவென்று வந்தது. அது மனப்பாடம். அதற்கு அப்புறம் அரை மணி நேரம் தாள் அப்படியே இருந்தது. பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: “அம்மா, எனக்குத் தெரியும். எழுத வரலை.”

நடுவர் அவர்களே, இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இன்று மேடை ஏறினேன்.

அவள் வாய் ‘பெட்டிக்குள்ள பூந்துட்டேன்’ என்றது. ‘கதவு சாத்திக்கிச்சு’ என்றது. ‘அவ வெளியிலயே நின்னுட்டா’ என்றது. தாளில் அவை நுழைந்துவிட்டேன், மூடிக்கொண்டது, நின்றுவிட்டாள் என்று ஆக வேண்டும். இந்தச் சொற்கள் அவளுக்குப் புதியவை அல்ல. தொடக்கப்பள்ளியிலிருந்து நூறு பாடங்களில் கண்ணால் பார்த்தவை. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. ‘வெளியே’ என்று எழுதப் போனால் லியா, ளியா? ‘நின்றாள்’ என்பதில் எந்த ர, எந்த ன? வாசிக்கும்போது கண் இவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பொருள் புரிந்தால் போதும், கண் நிற்காது. கை ஒவ்வோர் எழுத்திலும் நின்றாக வேண்டும். பேச்சும் எழுத்தும் இவ்வளவு தள்ளி நிற்கும் மொழி நம்முடையது. 2005இல் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பிள்ளைகள் வகுப்பில் நல்ல பேச்சுத்தமிழில் பேசட்டும் என்று வழி திறந்துவிட்டது. நல்ல முடிவு, நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பேச்சு ஒரு கரை என்றால் எழுத்து மறுகரை. நடுவில் இருக்கும் ஆற்றைப் பிள்ளை இறங்கித்தான் கடக்க வேண்டும். கரையில் நின்று பார்த்தால் நீச்சல் வராது.

இன்னொன்றும் நடந்தது. பேசும்போது ‘பயமா இருந்துச்சு’ என்று சொல்லியிருந்தாள். எழுதும்போது நான் கேட்டேன், “யாருக்குப் பயம்?” கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுதினாள்: ‘எனக்குத்தான் பயமாக இருந்தது. அவள் அடுத்த ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தாள்.’ தனியாக நின்றவள் தோழி, பயந்தவள் ரயிலுக்குள் இருந்த இவள். வாயால் சொன்னபோது இது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. கருத்தறிதலில் ‘கதைமாந்தரின் மனநிலையை விளக்குக’ என்று கேட்கிறோமே, அந்தத் திறன் அன்றைக்கு என் சாப்பாட்டு மேசையில், எழுதியதால், அவளுக்குக் கிடைத்தது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். 2022இல் நம் 15 வயது மாணவர்கள் வாசிப்பில் 543 புள்ளிகளோடு உலகிலேயே முதலிடம். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் உறுப்பு நாடுகளின் சராசரி 476. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் தேர்வு எழுதியது ஆங்கிலத்தில். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு ஒன்று. ஒரு பத்தியின் மையக் கருத்தைப் பிடிப்பது, சொல்லாமல் விட்டதை ஊகிப்பது, சான்றைத் தேடி எடுப்பது, இரண்டு பேர் சொல்வதை ஒப்பிட்டு யாரை நம்பலாம் என்று பார்ப்பது, இவையெல்லாம் ஒரு மொழியில் பழகினால் அடுத்த மொழிக்கும் கூடவே வரும். நம் பிள்ளைகள் இதைத் தினமும் ஆங்கிலத்தில், வரலாற்றில், அறிவியலில் பழகுகிறார்கள். எழுத்து அப்படிக் கூட வராது. ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும் வினைமுற்றைக் கொண்டுபோய் வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் பழக்கமும், ஒற்று மிகும் இடமும், ழகரமும் ளகரமும் தமிழில் எழுதினால் மட்டுமே படியும்.

சரி, அப்படி எழுத அவர்களுக்கு எங்கே இடம் இருக்கிறது?

வாசிப்புக்கு இந்த ஊரில் பல வாசல்கள். கட்டுமானத் தளத்தின் அபாயப் பலகையில் நான்கு மொழிகளில் ஒன்று தமிழ். நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் இன்னும் வருகிறது. கைப்பேசியைத் திறந்தால் உறவுக்காரர்கள் அனுப்பும் தமிழ்ச் செய்திகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் பள்ளிப் பாடத்தைத் தாண்டித் தமிழில் ஒரு வரிகூட எழுதாமல் சிங்கப்பூரில் ஒருவர் பிறந்து, படித்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிடலாம். எந்தப் படிவமும் அவரைத் தமிழில் எழுதச் சொல்லாது.

ஈப்போவில் இருக்கும் அந்தப் பாட்டி, அதாவது என் அம்மா, மலேசியாவில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவர். இன்றைக்கும் இரண்டு பக்கக் கடிதம் எழுதுகிறார். அவர் என் மகளைவிட அதிகம் வாசித்தவர் என்று சொல்ல முடியாது. அவருக்குக் கணக்கும் தமிழில், சுகாதாரமும் தமிழில். நாள் முழுக்க எழுதினார். இங்கே தமிழ்வழியில் நடந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடவேளை ஒன்றுதான் தமிழில் எழுதும் நேரம். 2010இல் சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசிய மொழி ஆங்கிலம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடு. தமிழ் 2.5. வீடும் இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது எழுத்துக்கு மிஞ்சியிருப்பது பள்ளி என்ற ஒரே வாசல். உயர்நிலை ஒன்று, இரண்டில் அதைத் திறக்காவிட்டால், மூன்றாம் ஆண்டில் தேர்வு வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

கட்டுரை எழுதுவது வெறும் மனப்பாடம் என்று ஒரு குற்றச்சாட்டும் வைத்தார்கள். உண்மை, அது நடக்கிறது. என் மகள் போன ஒரு துணைப்பாட வகுப்பில் ‘அழகிய தொடர்கள்’ என்று நான்கு பக்கம் கொடுத்தார்கள். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான், பறவைகள் இன்னிசை பாடின. மழை கொட்டும் காலையைப் பற்றிய கட்டுரையிலும் அவள் கதிரவனைக் கொண்டுவந்து வைத்தாள். அதைப் படித்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. அவள் வீட்டுச் சன்னலில் மழை எப்படி அடிக்கும், எட்டாவது மாடித் தாழ்வாரம் எப்படி நனையும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுத அவளிடம் யாரும் கேட்கவில்லை. எதிரணி நண்பர்களே, நான் இங்கே கேட்கும் எழுத்து இது அல்ல. அந்த நான்கு பக்கங்களை அவள் வாசித்தாள், திரும்பத் திரும்ப வாசித்தாள், அப்படியே இறக்கி வைத்தாள். சொந்தமாக எழுதிப் பழகாதவளுக்கு வாசிப்பு கொடுத்தது அதுதான்.

1950களில் தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அந்த நாளிதழில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தினார். ‘படியுங்கள்’ என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. எழுதி அனுப்புங்கள் என்று இடம் கொடுத்தார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கத்தில்தான் முதலில் எழுதினார்கள். தன் பெயர் அச்சில் வரும் என்று தெரிந்த பிள்ளை, மற்றவன் என்ன எழுதியிருக்கிறான் என்று தேடிப் படிக்கும். எழுத்து வாசிப்பைத் தானே இழுத்துவரும். வாசிப்பு எழுத்தை அப்படி இழுத்துவருவதில்லை. இந்த அரங்கிலேயே நிறைய வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசியாகத் தமிழில் ஒரு பக்கம் எழுதியது எப்போது என்று அவரவர் நினைத்துப் பாருங்கள்.

எதிரணியில் இளையவர் ஒருவர், “இனி எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, அது எழுதியதைப் படித்துச் சரிபார்க்கத் தெரிந்தால் போதும்” என்றார். அவருடைய வாதம்தான் இன்று எதிரணியில் வலுவானது. அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். சரிபார்ப்பது யார்? ‘மலை பெய்தது’ என்று திரையில் வந்தால், மழை என்று கையால் எழுதிப் பிழை வாங்கித் திருத்தியவளின் கண்தான் நிற்கும். ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் மரியாதை குறைகிறதா, தோழிக்கு எழுதுவதில் விறைப்பு கூடுகிறதா என்பதும் இரண்டையும் எழுதிப் பார்த்தவருக்கே உறைக்கும். அதோடு, கணினியில் தமிழ் வர உழைத்தவர்கள் இந்த ஊரில்தான் இருந்தார்கள். தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி அவர்களில் ஒருவர். 1997இல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் 97 மாநாடு நடந்ததும் சிங்கப்பூரில்தான். மனிதர்கள் தமிழில் தட்டச்சு செய்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டார்கள். இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. அதில் தமிழ் விசைப்பலகையை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிய கட்டுரைகளை அல்ல. படித்த ஒரு செய்தியை மூன்று வரியில் சொந்தச் சொற்களில் எழுதட்டும். ஒரு கருத்தைச் சொன்னால் ‘ஏனென்றால்’ என்று அடுத்த வரியைத் தொடங்கட்டும். சிவப்பு மையில் திருத்தி வந்த பிழைகளை மூன்று முறை எழுதுவதோடு விடாமல், அந்தப் பத்தி முழுவதையும் இரண்டாம் முறை எழுதட்டும். முதல் முறை எழுதுவது மனதில் இருப்பதைக் கொட்டுவது. எழுதக் கற்றுக்கொள்வது இரண்டாம் முறையில்தான். முக்கியமாக, அதைப் படிக்க மதிப்பெண் போடாத ஒரு மனிதர் வேண்டும். 2010இல் நடந்த தாய்மொழி மறுஆய்வும், மொழியைப் பயன்படுத்திக் கருத்துப் பரிமாறிக்கொள்ளும் பழக்கத்தைத்தான் வலியுறுத்தியது.

ஈப்போவுக்குப் போன அந்தக் கடிதத்தில் பதினோரு வரிகள். பாட்டி பதில் எழுதினார். என் மகள் அதை ஓர் எழுத்து விடாமல் இரண்டு முறை வாசித்தாள். நான் சொல்லி அவள் எதையும் அப்படி வாசித்ததில்லை. இப்போது இரண்டாவது கடிதம் மேசையில் பாதியில் இருக்கிறது. நான் இங்கே கிளம்பும்போது வாசல் வரை வந்து, “அம்மா, ‘கடுப்பா இருக்கு’ன்னு பாட்டிக்கு எழுதலாமா, வேற சொல் இருக்கா?” என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். காத்துக்கொண்டிருப்பாள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.