அசையாத படம் வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களே, பேச்சு முடிந்ததும் தேநீர் உண்டு என்று என் காதில் சொல்லிச் சென்ற தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, பெற்றோர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

குழந்தைகளின் வலிப்பு நோயை அறிவதில் மூளைப் படங்களின் பங்கு குறித்து மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள், முதற்செய்தி அதுதான். வலிப்பைக் கண்டவர் சொல்லும் விவரமும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும்தான் நோயை முடிவு செய்ய உதவுகின்றன, காந்தத்தின் உதவியால் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. காட்டுவது, கருவிலேயே சீராக அமையாத மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, போன்ற காரணங்களை. படம் குறையின்றி இருந்தும் வலிப்பு நோய் இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்குப் படமே தேவையில்லை. ஸ்கேனில் வளையமாகத் தெரிந்த சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்தகைய கட்டிகளைத் திசு ஆய்வு செய்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழு முட்டையால் வந்தவை என்று தெரிந்தது. கண்ணால் கண்டது பொய்!

ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய பாட்டி என்னிடம் அழைத்து வந்தார். கையில், வலிப்புக்காகவே மந்திரித்துப் போட்ட இரும்புக் காப்பு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு கூடாது, காந்தம் இழுத்துவிடும் என்றோம். "இழுக்கட்டுமே ஐயா, நோயையும் சேர்த்து இழுத்துக்கொள்ளட்டும்" என்றார். மணிக்கட்டு பெருத்துவிட்டதால் காப்பு கழலவில்லை. தேங்காயெண்ணெய் தோற்று, சோப்பு தோற்று, கடைசியில் பட்டறைக்காரரின் அரம்தான் வென்றது. அறுத்த காப்பை முந்தானையில் முடிந்துகொண்டு பாட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே சென்ற பையனோ, இயந்திரத்தின் தடதடப்பில் மிரண்டு புரண்டான். அரைமணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டிய பரிசோதனை அது. படம் முழுவதும் மங்கல். அன்று மயக்கமருந்து கொடுக்க ஆளில்லை. இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டாவது படத்தில்தான் மூளையின் இடது முன்மடலில் புறணி தடித்திருந்தது தெரிந்தது, ஈ.ஈ.ஜி. முன்பே சுட்டியிருந்த இடமும் அதுவே.

மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் அளவைக் காட்டும் பெட் ஸ்கேன் பற்றியும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தில் 1995 முதல் நடைபெறும் வலிப்பு அறுவைச் சிகிச்சை பற்றியும் பேச எண்ணியிருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தீர விசாரிக்க அசையாத படம் வேண்டும். சிறு குழந்தையிடம் அதைப் பெற மயக்கவியல் மருத்துவர் வேண்டும். ஆகவே நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒருநாளாவது குழந்தைகளுக்கென அவரை ஒதுக்கக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழியில் கையொப்பமிடுங்கள். இணை இயக்குநர் ஐயா அதை இங்கேயே பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார்.