மதகில் நின்று தினம் ஒரு படம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் வீடுகளில் இருக்கும் படங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா எல்லாம் இருக்கும். தெருக்கோடி வாய்க்கால் இருக்காது. அம்மா துணி துவைத்த கல் இருக்காது. நாற்பது வருடத்துக்கு முன் ஊர்க் குளம் எவ்வளவு அகலம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வோம், எடுத்துக் காட்ட ஒரு படம் கிடையாது. அப்போது ஒரு ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம்தான். அதில் ஒன்றை வாய்க்காலுக்கு யார் செலவழிப்பார்கள்? இன்று செல்போன் இல்லாத வீடு அபூர்வம். ஆனாலும் வாய்க்காலை யாரும் எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் பாயும் ஊர். வாய்க்காலில் பழைய மதகு ஒன்று உண்டு. காலையில் பால் வாங்கப் போகும்போது அதன் மேல் நின்று, மேற்கே பார்த்து ஒரு படம் எடுப்பேன். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், அதனால் வெளிச்சம் நன்றாக விழும். படித்துறை, அதை ஒட்டிய புங்கமரம், எதிர்க்கரை வயல், இந்த மூன்றும் படத்துக்குள் வந்தாக வேண்டும். தினமும் ஒரே இடத்தை எடுத்தால் சலிக்காதா என்று கேட்கிறார்கள். நிற்கிற இடம் மாறாமல் இருந்தால்தான் மற்றதெல்லாம் எப்படி மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் புங்கமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி வாக்கில் இலையைக் கொட்டும். மொட்டையாக நிற்பது கொஞ்ச நாள்தான், அசந்தால் தப்பிவிடும். உடனே பளபளவென்று இளம்பச்சைத் தளிர் வந்துவிடும். அப்புறம் பூ. சித்திரையில் படித்துறை முழுக்கப் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். வாய்க்காலில் அப்போது சொட்டுத் தண்ணீர் இருக்காது. பையன்கள் அதற்குள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள்.

பிறகு தண்ணீர் வரும். முதல் தண்ணீரைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அது பாய்ந்து வராது. சருகு, நுரை, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நாம் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக, கலங்கலாக வரும். வெடித்துக் கிடக்கும் தரையில் ஒவ்வொரு வெடிப்பையும் நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். வெடிப்புக்குள் இருந்த பூச்சியெல்லாம் வெளியே ஓடிவரும். அதைப் பிடிக்க மைனாவும் காக்கையும் கொக்கும் தண்ணீருக்கு முன்னால் நடந்துவரும். மண் நனைந்த வாசனையைப் படம் எடுக்க முடியாது, அது ஒன்றுதான் குறை. அன்றைக்கு ஒரு படத்தோடு என்னால் நிறுத்த முடிவதில்லை. எத்தனை எடுத்தாலும் வரிசையில் சேர்ப்பது ஒன்றைத்தான்.

இந்த முதல் தண்ணீர்ப் படத்துக்குத்தான் ஊரில் மதிப்பு அதிகம். மேட்டூர் அணையைக் குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். என் படங்களில் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. 2022 ஜூலைப் படத்தில் எதிர்க்கரை வயல் பச்சை. 2024 ஜூலைப் படத்தில் அதே வயல் வெறும் தரை, வாய்க்காலில் ஆடு மேய்கிறது. டீக்கடையில் எந்த வருஷம் தண்ணீர் எப்போது வந்தது என்று பேச்சு முற்றினால், இப்போதெல்லாம் என்னிடம் வந்து கேட்கிறார்கள். போனை எடுத்துக் காட்டுகிறேன். பேச்சு முடிந்துவிடும்.

ஐப்பசியில் வாய்க்கால் கரைதொட்டு ஓடும். தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும், ஆனால் படத்தில் புள்ளியாகக்கூட விழாது. மார்கழியில் சில நாள் பனி மூடி, படித்துறையைத் தவிர எதுவுமே தெரியாது. அதையும் எடுக்கிறேன். படித்துறையில் மடையான் என்கிற கொக்கு ஒன்று அடிக்கடி வந்து நிற்கும். சாதாரண நாளில் மண் நிறம், நின்றால் மண்ணோடு மண்ணாக இருக்கும். கூடு கட்டும் காலம் நெருங்கும்போது முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும். அது எந்த மாதம் என்று சிறு வயதிலிருந்து அந்தப் பறவையைப் பார்த்துவரும் எனக்கே படங்களை அடுக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எளிய உயிர்களைக் கவனிப்பதில் நமக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அத்தனை அழகாக எடுத்தவர், காக்கையையும் அணிலையும் பற்றி அதே அக்கறையோடு எழுதினார். பெரிய விலங்குக்கு ஒரு கண், சின்ன விலங்குக்கு ஒரு கண் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

தினம் ஒன்று என்ற வழக்கத்துக்கு, நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டனைச் சொல்ல வேண்டும். 1979 மார்ச் 31ஆம் தேதி தொடங்கி, உடனே அச்சாகி வரும் போலராய்டு கேமராவில் நாளுக்கு ஒரு படம் எடுத்தார். நண்பர்கள், சாப்பாடு, தெரு, கடைசியில் தன் ஆஸ்பத்திரிக் கட்டில். 1997 அக்டோபர் 25ஆம் தேதி, தன்னுடைய 41ஆவது பிறந்த நாளில் புற்றுநோயால் இறந்தார். அதுவரை சேர்ந்தவை ஆறாயிரத்துக்கும் மேல். நண்பர்கள் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி இருந்ததால்தான் அது முடிந்தது.

நீங்களும் எடுப்பதாக இருந்தால், தேதியை விட்டுவிடாதீர்கள். கோப்பின் பெயரில் முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள் என்று போட்டால் தானாகவே வரிசையில் நிற்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிட்டு அதுவே பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதில் போகும்போது படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் பற்றிய குறிப்பும் போய்விடும். மூலப் படத்தை வேறொரு இடத்திலும் வையுங்கள். மாதம் ஒன்றை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டால் இன்னும் நல்லது. ஆட்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். படித்துறையில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் நான் மதகுப் பக்கமே போவதில்லை. அன்றைய படம் கொஞ்சம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. தலைஞாயிறு, வேதாரண்யம் என்று தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் இருக்கும் ஊர்களிலும் யாராவது இப்படி எடுக்க வேண்டும். தினமும் முடியாவிட்டால் முதல் தண்ணீர் வந்த நாளின் படம் ஒன்று, தேதியோடு. கல்லணை திறந்த நாளையும் பக்கத்தில் எழுதி, எல்லா ஊர்ப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தண்ணீர் எங்கே எத்தனை நாள் தங்கிவிட்டது, எந்த வாய்க்கால் தூர் வாராமல் கிடந்தது என்பது தெரிந்துபோகும். எடுக்கத் தொடங்குகிறவர்கள் இந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், என் படங்களை உங்களுக்கு அனுப்புகிறேன்.

நன்றி, வணக்கம்.