குறை பார்த்து வாங்குங்கள்

(புகைப்பட ஆர்வலர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். திரையில் படம் போட்டுக் காட்டப் போவதில்லை. ஒரே ஒரு பொருளைக் கொண்டு வந்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கைமாறி வரட்டும், அவசரமில்லாமல் பாருங்கள்.

இது ஹீலியோஸ் 44-2 என்ற பழைய கேமரா லென்ஸ். 58 மில்லிமீட்டர், எஃப் 2. எஃப் எண் வெளிச்சம் புகும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. வரிசை எண் 78-இல் தொடங்குகிறது பாருங்கள். சோவியத் ஆலைகளில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களில் ஆண்டைக் குறிப்பது வழக்கம், அதனால் இது 1978. ஜெனிட் கேமரா வாங்கினால் கூடவே வரும் சாதாரண லென்ஸ். லட்சக்கணக்கில் செய்தார்கள், அதனால்தான் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பூர்வீகம் ரஷ்யா இல்லை. ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனம் 1930-களில் செய்த பயோட்டார் என்ற லென்ஸின் வாரிசு இது. போர் முடிந்ததும் யேனா சோவியத் பிடிக்குள் வந்தது. இயந்திரமும் வரைபடமும் கிழக்கே போயின. அப்புறம் பயோட்டார் பெயர் மாற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

இதை ஏன் இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டுகிறோம்? ‘பழைய லென்ஸில் ஒரு உயிர் இருக்கிறது’ என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. பழைய லென்ஸில் இருப்பது குறை. புது லென்ஸில் பத்துப் பதினைந்து கண்ணாடிகளைப் போட்டும், போதாததற்குக் கேமராவின் மென்பொருளை வைத்தும் துடைத்தெடுத்த குறை. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தக் குறையைத்தான். அப்படியென்றால் எந்தக் குறை, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்க வேண்டாமா?

லென்ஸ் இப்போது யார் கையில் இருக்கிறது? சரி, அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையை, முழுக்கத் திறந்து, ஜன்னல் பக்கம் நீட்டி, நேராக உள்ளே பாருங்கள். வட்டம் தெரிகிறதா? இப்போது மெதுவாகச் சாயுங்கள். வட்டம் நசுங்கிப் பாதாம் பருப்பு மாதிரி ஆகிறது. முன் விளிம்பு ஒரு பக்கம் வெட்டுகிறது, பின் விளிம்பு மறுபக்கம் வெட்டுகிறது. படத்தின் ஓரத்துக்குப் போகும் வெளிச்சம் இந்தப் பாதாம் வழியாகத்தான் போக வேண்டும். பின்னணியில் இருக்கும் ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் அந்த வடிவத்தில் விழுகிறது. எல்லாப் பாதாமும் படத்தின் நடுவைச் சுற்றி வரிசை பிடித்து நிற்பதால் பின்னணி சுழல்வது போலத் தெரிகிறது. பொக்கே என்றால் ஃபோகஸுக்கு வெளியே மங்கும் பின்னணி. ஊரே பேசும் ‘சுழல் பொக்கே’யில் பெரும்பங்கு இதுதான்.

இப்போது எஃப் 5.6-க்குக் குறுக்கிப் பாருங்கள். சாய்த்தாலும் துளை அவ்வளவாக வெட்டுப்படவில்லை, இல்லையா? சுழலும் போய்விடும். இன்னொன்று, சுழல் குடியிருப்பது ஓரத்தில். ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார் ஓரத்தை வெட்டிவிடும். இந்த 58 அங்கே ஏறத்தாழ 87 மில்லிமீட்டர் மாதிரி நடந்துகொள்ளும். நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ்தான், ஆனால் சுழலை நம்பி வாங்கியவர் ஏமாந்துபோவார். சென்சார் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டத்தின் அளவே இருக்கும் முழு ஃபிரேம் கேமரா இருந்தால், ஆளை ஒன்றரை இரண்டு மீட்டரில் நிறுத்துங்கள். கொஞ்சம் தள்ளிப் பின்னால் வெயில் ஒழுகும் மரம் இருக்கட்டும். வெறும் சுவர் முன்னால் நிறுத்திவிட்டு லென்ஸைத் திட்டாதீர்கள்.

மாட்டும் விஷயத்துக்கு வருவோம். இது எம்42 திருகு: விட்டம் 42 மில்லிமீட்டர், புரிக்குப் புரி 1 மில்லிமீட்டர். லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெளிச்சத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி வைத்த நிக்கான் எஸ்எல்ஆரில் அந்த இடைவெளி 46.5. ஒரு மில்லிமீட்டர் அதிகம், அதனாலேயே தூரத்துக் கோபுரம் ஃபோகஸ் ஆகாது. அந்தக் கண்ணாடி இல்லாத சோனியின் மிரர்லெஸ்ஸில் வெறும் 18. மிச்சம் 27.46 மில்லிமீட்டருக்கு அடாப்டர் என்ற ஒரு உலோகக் குழாய் போதும், உள்ளே லென்ஸ் கண்ணாடியே வேண்டாம். மிரர்லெஸ் வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு யோகம் அடித்தது இந்தக் கணக்கால்தான். மலிவு அடாப்டர்கள் பலவற்றில் குழாய் நூலளவு குட்டையாக இருக்கும். அதனால் லென்ஸில் முடிவிலிக் குறி சொல்வதை நம்பாமல், திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

முதல் நாள் நான் மாட்டியபோது ஷட்டர் அடிக்கவே இல்லை. கேமரா போச்சு என்று அரை மணி நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லை, கேமராவோ லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர்’ என்பதை இயக்கிவிட வேண்டும். கேமரா உடலுக்குள் கை நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் 58 என்று கையால் குறித்துக் கொடுங்கள்.

இனி வேண்டாத குறைகள். இணையத்தில் ஒருவரிடம் ‘கண்ணாடி சுத்தம்’ என்று கேட்டு வாங்கினேன். வந்ததும் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை. பூஞ்சை. வடிவமைப்பில் வந்த குறை படத்துக்கு ஆகும், இது வியாதி. விட்டுவைத்தால் மேல்பூச்சைத் தின்று கண்ணாடியையும் அரித்துவிடும். நம் கடற்கரை ஊர்க் காற்றுக்கு இது சீக்கிரம் வளரும். அந்தக் காலத்துத் தோல் உறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், உறையைத் தனியாக வையுங்கள். அரிசிப் பானைக்குள் போடுகிறவர்களும் உண்டு, வேண்டாம், மாவுத் தூசிதான் மிச்சம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் போதும்.

உள்ளே நாலு தூசி இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் தெரியாது. அப்பர்ச்சர் துளையைக் குறுக்கும் இதழ்களில் எண்ணெய்ப் பசை? தானாக மூடித் திறக்கும் லென்ஸில் அது தொல்லை, இதழ் ஒட்டிக்கொள்ளும். இந்த 44-2-இல் எட்டு இதழ்களையும் கையால்தான் திருப்புகிறோம், அதனால் கவலையில்லை. இதைச் சொல்லியே நான் விலை குறைத்திருக்கிறேன் என்பது வேறு கதை. பெண்டாக்ஸின் பழைய லென்ஸான சூப்பர் டாக்குமர் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4-இல் தேநீர் நிறம் கண்டால் பயப்படாதீர்கள். அதன் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருக்கிறது, காலப்போக்கில் மஞ்சளாகும். சில வாரம் வெயிலில் வைத்தால் வெளுக்கும். வெயிலில் வைக்கும்போது பின்பக்கம் மூடியிருக்கட்டும், இல்லையென்றால் லென்ஸ் வெயிலைக் குவித்து ஜன்னல் திரைச்சீலை பற்றிக்கொள்ளும்.

கேள்விகளுக்கு வரலாம். அதற்குள் லென்ஸ் கடைசி வரிசைக்குப் போயிருக்கும், அங்கே யாராவது முன்மூடியைப் போட்டு அனுப்புங்கள்.