புனிதர்கள் கண்ட காட்சிகளை நம்பியே ஆக வேண்டுமா?

[திரையில்: பாத்திமா திருத்தலத்தின் பெரிய முற்றம்]

ஒரு கத்தோலிக்கர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறார், வீட்டில் ஜெபமாலை சொல்கிறார், நம்பிக்கை அறிக்கையை ஒரு வரி விடாமல் ஏற்கிறார். ஆனால் "போர்ச்சுகல் நாட்டுப் பாத்திமாவில் மாதா காட்சி கொடுத்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை" என்கிறார். இதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? வேண்டாம். இது பாவமே இல்லை. 1930-லேயே ஆயர் அங்கீகரித்துவிட்டாரே, திருத்தந்தையர்கள் நேரில் போய் ஜெபித்தார்களே என்று கேட்பீர்கள். எல்லாம் உண்மைதான், அப்போதும் பாவமில்லை.

இதைக் கேட்டதும் பல பேருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது, சிலருக்குக் கோபமே வருகிறது. ஆனால் இது திருச்சபையின் பழைய, தெளிவான போதனை.

கடவுள் மனிதருக்குச் சொல்ல வேண்டியதை இயேசு கிறிஸ்துவில் முழுமையாகச் சொல்லிவிட்டார், திருத்தூதர்களின் காலத்தோடு அந்தப் பொது வெளிப்பாடு நிறைவடைந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் எந்தக் காட்சி கண்டாலும் அது தனி வெளிப்பாடு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 67-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள்: இவற்றில் சிலவற்றைத் திருச்சபை அங்கீகரித்திருந்தாலும் அவை விசுவாசக் கருவூலத்தை, அதாவது எல்லாரும் நம்பியே ஆக வேண்டிய போதனைகளைச் சேர்ந்தவை அல்ல, கிறிஸ்துவின் வெளிப்பாட்டைத் திருத்துவதோ நிறைவு செய்வதோ அவற்றின் வேலையும் அல்ல, ஒரு குறிப்பிட்ட காலத்தில் அதை இன்னும் ஆழமாக வாழ உதவலாம், அவ்வளவுதான். தாமே பெரிய ஞானியான சிலுவை அருளப்பர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இன்னும் கடுமையாக எழுதினார். தம் மகனையே தந்துவிட்ட கடவுளிடம் புதிதாக ஒரு காட்சி கொடு என்று கேட்பது அவரை அவமதிப்பது என்றார்.

[திரையில்: கர்தினால் ராட்சிங்கர், 2000]

சரி, அப்படியானால் "அங்கீகாரம்" என்றால் என்ன? பாத்திமாவில் மாதா சொன்னதாகக் கூறப்படும் செய்தியின் கடைசிப் பகுதியான மூன்றாம் இரகசியம் 2000 ஜூனில் வெளியானபோது, பின்னாளில் 16-ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் ஒரு விளக்கம் எழுதினார். அங்கீகாரத்தில் இருப்பது மூன்றே விஷயம்: செய்தியில் விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் எதிரானது எதுவும் இல்லை, அதை வெளியிடலாம், விசுவாசிகள் விவேகத்தோடு அதை ஏற்றுக்கொள்ளலாம். "லாம்" என்பதைக் கவனியுங்கள். நமக்கு நீட்டப்படுகிற ஓர் உதவி இது, பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் அவர் அங்கே தெளிவாகச் சொல்கிறார்.

இதையெல்லாம் ஒருவருடைய வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். எனக்குத் தெரிந்து அதற்குப் புனித பவுஸ்தீனாவைவிடப் பொருத்தமானவர் இல்லை.

[திரையில்: இறை இரக்கப் படம், 1934-இல் வில்னியூஸில் வரையப்பட்டது]

பவுஸ்தீனா போலந்துக்காரர், 1905-இல் பிறந்தவர், மூன்று வருடம்கூடப் பள்ளிக்கூடத்தில் முழுதாகப் படிக்காதவர், மடத்தில் சமையல், தோட்டம், வாசல் கதவு என்று வேலை செய்தவர். 1931 பிப்ரவரி 22 அன்று புவோட்ஸ்க் நகர மடத்தில் இயேசுவைக் கண்டதாகவும், தம்மைக் கண்டபடியே ஒரு படம் வரைய வைக்கும்படி அவர் கேட்டதாகவும் சொன்னார். அதுதான் இறை இரக்கப் படம். அவருடைய ஆன்ம குரு மிக்கேல் சொபோச்கோ என்ன செய்தார் தெரியுமா? முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னார். அதை அவமானமாக நினைக்காமல் பவுஸ்தீனாவும் போனார்.

அப்புறம் நடந்த ஒரு விஷயத்தை அவர் காட்சிகளிலிருந்து பிறந்த பக்தியைப் பின்பற்றுகிற நம் இறை இரக்கக் குழுக்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொபோச்கோ புனித நாட்டுக்குப் போயிருந்த சமயத்தில் ஒரு வானதூதர் போலத் தோன்றியவர் காட்சிகளை எழுதி வைத்திருந்த நாட்குறிப்பை எரிக்கச் சொன்னார் என்று பவுஸ்தீனா அதைத் தீயில் போட்டுவிட்டார். திரும்பி வந்த குரு, எல்லாவற்றையும் மறுபடி எழுதச் சொல்லிவிட்டார். ஆகவே உண்மையான புனிதையும்கூட ஒரு காட்சியில் ஏமாறலாம், அவரை மீட்டது அவருக்கு வந்த அடுத்த காட்சி அல்ல, கீழ்ப்படிதல்தான்.

1938-இல் 33 வயதில் அவர் இறந்தார். 1959 மார்ச்சில் உரோமையின் புனித அலுவலகம் (இன்றைய விசுவாசக் கோட்பாட்டுத் துறை) அவர் எழுத்துகளில் சொல்லப்பட்ட வடிவில் இறை இரக்கப் பக்தியைப் பரப்பத் தடை போட்டது. கம்யூனிச ஆட்சியில் போலந்திலிருந்து மூலப் பிரதி கிடைக்கவில்லை, கையில் இருந்தவை பிழையான மொழிபெயர்ப்புகள். தடை 19 வருடம் நீடித்தது. 1975-இல் இறந்த சொபோச்கோ அது நீங்கியதைப் பார்க்கவே இல்லை. கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்திவா மூலப் பிரதிகளை முறையாக ஆராயச் செய்ததால் 1978 ஏப்ரலில் தடை நீங்கியது, அதே வருடம் அக்டோபரில் அவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆனார், 2000 ஏப்ரல் 30 அன்று பவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

அந்த 19 வருடங்களில் "இயேசுவே நேரில் சொல்லிவிட்டார், உரோமை யார் தடுக்க?" என்று கொடி பிடித்திருந்தால் இன்று இறை இரக்க ஞாயிறு இருந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

அந்த ஞாயிறு எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கப்படுவது யோவான் 20: உயிர்த்த இயேசு பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடருக்குக் கொடுக்கிறார், தோமாவுக்குக் காயங்களைக் காட்டுகிறார். பவுஸ்தீனா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே அந்த நாளின் நற்செய்தி அதுதான். அவருடைய நாட்குறிப்பில் ஒரு வரியைக்கூட நம்பாதவரும் அந்த விழாவை முழு மனதோடு கொண்டாட முடியும்.

[திரையில்: டுல்மன், ஜெர்மனி]

இன்னொரு குழப்பம்: "எழுதியவர் புனிதர், அப்படியானால் எழுதியதெல்லாம் உண்மை." இது சரியே இல்லை. காட்சிகள் கண்ட ஜெர்மானியத் துறவி கேத்தரின் எம்மெரிக் 2004-இல் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) ஆனபோது அவர் பெயரில் உள்ள புத்தகங்கள் அந்த ஆய்வில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை, ஏனென்றால் படுக்கையில் இருந்த அவர் சொன்னது எது, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய கவிஞர் பிரென்டானோ சேர்த்தது எது என்று பிரிக்க முடியவில்லை. புனித வின்சென்ட் பெரர் உலக முடிவு நெருங்கிவிட்டது என்று ஐரோப்பா முழுக்கப் பிரசங்கித்து 1419-இல் இறந்தார். உலகம் இன்னும் இருக்கிறது, அவர் பீடத்தில் புனிதராகவும் இருக்கிறார். பட்டம் அவருடைய வாழ்க்கைக்குக் கொடுக்கப்பட்டது, அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொடுக்கப்பட்ட முத்திரை அல்ல.

இதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இறைவாக்குகளைப் புறக்கணிக்காதீர்கள், அனைத்தையும் சீர்தூக்கிப் பாருங்கள் என்று தெசலோனிக்கருக்கு எழுதிய பவுல் இரண்டையும் சேர்த்தேதான் சொன்னார். 13-ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்து ஜூலியானா கண்ட காட்சியிலிருந்து தொடங்கி, 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பன் எல்லாருக்கும் அறிவித்த கிறிஸ்துவின் திருவுடல் விழாவை இழக்க நான் தயாரில்லை.

[திரையில்: வேளாங்கண்ணிப் பேராலயம்]

2024 மே மாதம் வத்திக்கான் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. இனி ஒரு காட்சியை ஆயர் "இது கடவுளிடமிருந்து வந்தது" என்று வழக்கமாக அறிவிக்கப்போவதில்லை. "தடையில்லை" என்பதில் தொடங்கி "இயற்கைக்கு அப்பாற்பட்டது அல்ல" என்பது வரை ஆறு முடிவுகள், அதையும் விசுவாசக் கோட்பாட்டுத் துறையிடம் கேட்டுத்தான் வெளியிட வேண்டும். காரணம் இருக்கிறது: நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெண் கண்டதாகச் சொன்ன மாதா காட்சிகளை 2002-இல் அந்த மறைமாவட்ட ஆயர் உண்மை என்று அறிவித்தார், உரோமையோ அவை இயற்கைக்கு அப்பாற்பட்டவை அல்ல என்ற பழைய முடிவே செல்லும் என்றது. பாவம், நடுவில் அலைக்கழிந்தது எளிய விசுவாசிகள். மாதா காட்சி கொடுப்பதாகச் சொல்லப்படும் போஸ்னிய ஊரான மெஜுகோரிக்கு 2024 செப்டம்பரில் "தடையில்லை" கிடைத்தது, ஆனால் காட்சிகள் உண்மை என்ற அறிவிப்பு அதில் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் அந்த விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் பெர்னாண்டஸ் தஞ்சாவூர் ஆயருக்கு வேளாங்கண்ணி பற்றி எழுதிய கடிதமும் திருப்பயணிகளின் விசுவாசத்தையும், பிற மதத்தினரும் அங்கே பெறுகிற ஆறுதலையும்தான் போற்றுகிறது.

ஆகவே அன்பியக் குழு வாட்ஸ்அப்பில் "மூன்று நாள் இருள் வருகிறது, மந்திரித்த மெழுகுதிரி மட்டும்தான் எரியும், பத்து பேருக்கு அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால், யார் சொன்னது, எந்த மறைமாவட்டம், அந்த ஆயர் என்ன முடிவு சொன்னார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். காலங்களையும் நேரங்களையும் அறிவது உங்களுக்குரியது அல்ல என்று இயேசு சொன்னது திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது, அதை அந்தக் குழுவில் போடுங்கள். பயந்து போயிருக்கிற வயதான அம்மா யாராவது அங்கே இருந்தால், போன் பண்ணிப் பேசுங்கள்.