இரவல் சேலையும் சொந்தக் காற்றும்

(நெடுந்தீவில் சனசமூக நிலைய ஆண்டு விழா ஒன்றில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, தவிசாளர் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி, அரைவாசி நனைந்தபடி வந்து சேர்ந்திருக்கும் மின்பொறியியலாளர் அவர்களே, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளே, எனக்கு அரிவரி சொல்லித் தந்து, இன்றும் முன்வரிசையில் இருந்து என் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியை அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். போன வருடம் ஒருவரைச் சொல்லாமல் விட்டுவிட்டு, ஆறு மாதம் அவர் வீட்டு ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போனேன்.

தலைவர் 20 நிமிடம் தந்திருக்கிறார். மூன்று விடயங்கள் பேச வேண்டும். ஒன்று, நமது காற்றும் வெயிலும். இரண்டு, அவற்றைச் சேமித்து வைக்கும் பற்றரி. மூன்று, கூட்டுறவு. நான் எங்கே தொடங்கினாலும் மூன்றாவதில்தான் போய் நிற்பேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் என் பெரியப்பாவின் மகளுக்கு இந்தத் தீவில் கல்யாணம். ஆவணி மாதம், இரவு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அக்கரை ஆட்கள், மின்சாரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் முன்னால் குறைந்துபோகக் கூடாது என்று பெரியப்பா வாடகைக்கு ஒரு மின்பிறப்பாக்கி எடுத்தார். பந்தல் முழுக்கக் குழல் விளக்கு, பனைமரத்தில் ஒலிபெருக்கி. அந்தப் பெருமையில் வீட்டிலிருந்த இரண்டு பெற்றோல்மாக்ஸ் விளக்குகளையும் இனி எதற்கு என்று யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்போதே ஆச்சி சொன்னார்: "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே." யார் கேட்டார்கள்?

மின்பிறப்பாக்கி முதல் நாளே வந்துவிட்டது. டீசல் பீப்பா அடுத்த படகில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்கென்று சோளகம் எழும்பியது. எப்படிப்பட்ட காற்று! பந்தல் கிடுகு பறக்கிறது, வாழை சாய்கிறது, படகு அக்கரையிலேயே நிற்கிறது. தாங்கியில் இருந்த கொஞ்ச டீசலில் விளக்குகள் எரிந்தன, பாட்டும் ஓடியது. மாப்பிள்ளை பந்தலுக்குள் காலை வைக்கும் நேரம் பார்த்து, பாட்டுக்காரரின் குரல் தடித்து, இழுபட்டு, கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டு நின்றது. இருட்டு. அந்த இருட்டிலும் தவில்காரர் மட்டும் விடாமல் அடித்தார். யாரோ மாப்பிள்ளையின் தோழனைப் பிடித்து மணவறையில் இருத்திவிட்டார்கள். கொடுத்த பெற்றோல்மாக்ஸை வாங்கிவர என்னை ஓடவிட்டார்கள். அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வந்துவிட்டதால் கதவு பூட்டு! கடைசியில் ஆச்சி அடுப்படியில் ஒளித்து வைத்திருந்த இரண்டு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் தாலி ஏறியது. லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆச்சி அந்தப் பழமொழியை மாப்பிள்ளையின் தகப்பனாருக்கும் சொன்னார்.

இதை நாற்பது வருடமாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லிவருகிறேன். பிந்தித்தான் ஒன்று உறைத்தது. அன்று டீசலை வரவிடாமல் தடுத்தது காற்று. ஊரே இருட்டில் கிடக்கும் அளவுக்கு நம்மிடம் காற்று இருந்தது!

இப்போது திட்டத்துக்கு வருவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் கலப்பு மின்திட்டம். 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுப்பதாக இருந்தது, நின்றுபோனது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை, 2024 மார்ச்சில் ஒப்பந்தம், சுமார் 11 மில்லியன் டொலர் நன்கொடை. மூன்று தீவுக்கும் சேர்த்து காற்று 530 கிலோவாற்று, சூரியன் 1,700. கூட்டினால் 2,230. காவலுக்கு நிற்கும் டீசல் இயந்திரங்களோ 2,500! கந்தையை எறியாத புத்தி அதில் இருக்கிறது, பொறியியலாளர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பற்றரி 2,400 கிலோவாற்று மணி. ஸ்பெயினின் எல் ஹியரோ தீவில் காற்று மிஞ்சும்போது எரிமலை வாய்க்குத் தண்ணீரை ஏற்றி வைத்து, காற்று ஓய்ந்ததும் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நமக்கு மலையே இல்லை. மிச்சத்தைப் பொறியியலாளர் ஐயா சொல்வார். இரண்டாவது விடயம் முடிந்தது.

ஸ்கொட்லாந்தில் எக் என்றொரு தீவு. சிரிக்காதீர்கள், ஊரின் பெயரே அதுதான். ஏறக்குறைய நூறு பேர். 1997இல் தங்கள் தீவைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். 2008 பெப்ரவரியில் நீர், காற்று, வெயில் மூன்றையும் கோத்துத் தங்கள் மின்சாரத்தைத் தொடக்கினார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்க முடியாது. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேச்சில்லை. சொந்தச் சொத்து என்பதால் தாங்களே போட்ட கட்டுப்பாடு அது. இதையே வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? மறியல்.

டென்மார்க்கின் சம்சோ இன்னும் பெரியது, சுமார் 4,000 பேர். 2000இல் நிலத்தில் 11 காற்றாலை. அவற்றில் 9 விவசாயிகளுடையவை, 2 பங்கு போட்ட ஊர்மக்களுடையவை. பிறகு கடலில் 10, அதில் பாதி நகரசபையுடையது. சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சில்லறை விழுகிறது. மன்னாரில் தம்பபவனி என்று 30 காற்றாலைகள் நிற்கின்றன, 103.5 மெகாவாற்று. 2025இல் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார் மக்கள் தெருவில் இருந்தார்கள். வெள்ளம், மீன்பிடி, பறவைகள் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் சின்னதல்ல. நான் இன்னொன்றையும் கேட்கிறேன்: அந்த முப்பதில் ஒரு விசிறியின் ஒரு முழமாவது மன்னாரான் பெயரில் இருக்கிறதா?

நன்கொடையாக வந்தாலும் இரவல் சேலை இரவல் சேலைதான். உடுத்துக்கொள்வோம், கொடுத்தவருக்கு நன்றியும் சொல்வோம். ஆனால் இயந்திரம் பழுதானால் அக்கரையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் நிலை வேண்டாம். நம் பிள்ளைகள் நான்கு பேருக்காவது பராமரிப்புப் பயிற்சி கேட்போம். இனி இந்த மண்ணில் நாட்டும் ஒவ்வொரு காற்றாலையிலும் நமது கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு கேட்போம். ஐஸ் போடவும் வலை வாங்கவும் பங்கு சேர்த்த சங்கம், காற்றுக்குச் சேர்க்காதா?

தலைவர் மணியைப் பார்க்கிறார். எனக்காக அல்ல, கடைசிப் படகுக்காக. வாசலில் ஒரு மேசையும் கொப்பியும் வைத்திருக்கிறோம். அமைச்சுக்குப் போகும் மனு அது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பேனையை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், அது ஆசிரியையிடம் இரவல் வாங்கியது.