இருட்டில் எலி பிடிக்கும் கூகையின் கணக்கு

(திரையில்: செம்பனை வரிசைகள், கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி)

நம்ம பெஸ்தாரி ஜெயா மாதிரி எஸ்டேட் ஊர்களில், செம்பனைக்கு நடுவே கம்பத்தில் இப்படிப் பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூகை குடியிருக்க வைத்தது. குலையைக் கொறிக்கும் எலியை அது பார்த்துக்கொள்ளும், விஷச் செலவு குறையும். அதே கூகை லயத்துக் கூரையில் வந்து கத்தினால் மட்டும் பாட்டி விரட்டுவார்!

நிலா இல்லாத ராத்திரியில், மட்டைக் குவியலில் ஓடும் எலி இதற்கு எப்படித் தெரிகிறது?

கண்ணால் இல்லை. ரோஜர் பெய்ன், பின்னாளில் திமிங்கலப் பாட்டால் பேர் வாங்கியவர், இதை இருட்டறையில் சோதித்தார். சத்தமில்லாமல் நடக்கும் எலியின் பின்னால் சலசலக்கும் காகிதத்தைக் கட்டிவிட்டால், கூகை பாய்ந்தது காகிதத்தின் மேல்.

(திரையில்: மசகாசு கொனிஷி, 1933–2020)

அந்தக் காதுக்குப் பின்னால் மூளை என்ன செய்கிறது என்று தேடியவர் கியோட்டோவில் பிறந்த கொனிஷி. முதலில் அவர் கலிபோர்னியாவில் சிட்டுகளின் பாட்டை ஆராய்ந்தார். குஞ்சாக இருக்கும்போதே பெரியவற்றின் பாட்டைக் கேட்ட சிட்டுகூட, பாடிப் பழகும் முன் காது கேட்காமல் போனால் அதைச் சரியாகப் பாடாது என்று 1965இல் எழுதினார். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தினால்தான் பாட்டு வரும்.

அப்புறம் கூகை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

கண்ணுக்குள் விழும் படத்திலேயே இடம், வலம், மேல், கீழ் எல்லாம் இருக்கிறது. காதுக்கு அது கிடையாது. சத்தம் கீச்சா, கட்டையா என்று பிரித்துத் தரும், அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்பதை மூளைதான் கணக்குப் போட வேண்டும்.

(திரையில்: கூகையின் முகம், இரண்டு காதுத் துளைகள்)

மேலா கீழா என்பதற்கு உதவுவது கோணல் காது. இடது துளை சற்று உயரத்தில் இருந்து கீழே பார்க்கிறது, வலது துளை தாழ்ந்திருந்து மேலே பார்க்கிறது. அதனால் கீழிருந்து வரும் சத்தம் இடது காதில் கூடுதலாகக் கேட்கும். இறகு மூடியிருப்பதால் வெளியே தெரியாது.

இடமா வலமா என்பதற்கு நேர வித்தியாசம். எஸ்டேட் சாலையின் இரு முனையிலிருந்தும் இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் வருகின்றன என்று வையுங்கள். ஒன்று முந்திக் கிளம்பினால் சந்திக்கும் இடம் மறுபக்கம் தள்ளிப்போகும். சந்தித்த இடத்தை வைத்தே யார் முந்தினார் என்று சொல்லிவிடலாம். இரண்டு காதின் நரம்புச் சமிக்ஞைகளும் இப்படித்தான் எதிரெதிரே ஓடுகின்றன. எந்தச் செல்லில் ஒன்றாக வந்து சேர்கின்றனவோ அது சுறுசுறுப்பாகும். 1948இல் லாய்ட் ஜெஃப்ரஸ் காகிதத்தில் போட்ட யோசனை இது. கேதரின் காரும் கொனிஷியும் 1988இல் கூகையின் மூளைத்தண்டில் அந்த அமைப்பையே காட்டினார்கள். இத்தனைக்கும் அந்த வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இரண்டு கணக்கும் நடுமூளையில் சேர்கின்றன. 1978இல் எரிக் நட்சனும் கொனிஷியும் கூகையைச் சுற்றி ஒலிபெருக்கியை நகர்த்திப் பார்த்தார்கள். அங்கே ஒவ்வொரு செல்லும் ஒரு குறிப்பிட்ட திசைக்கு மட்டும் பதில் சொன்னது. பக்கத்துச் செல்லுக்குப் பக்கத்துத் திசை. காது தராத வரைபடத்தை மூளையே வரைந்து வைத்திருந்தது.

(திரையில்: பிரிசம் கண்ணாடி அணிந்த இளம் கூகை)

பிறகு நட்சன், காட்சியை ஒரு பக்கமாக நகர்த்தும் பிரிசத்தை இளம் கூகைகளுக்கு மாட்டினார். சில வாரங்களில் சத்தத்தின் வரைபடமும் கண்ணுக்கு ஏற்ப நகர்ந்தது. சிட்டு காதால் குரலைத் திருத்துகிறது, கூகை கண்ணால் காதைத் திருத்துகிறது. வளர்ந்த கூகையிடம் ஒரேயடியாக இவ்வளவு மாற்றம் எதிர்பார்க்க முடியாது.